மலையும் நதியும் கம்பெனிக்கு ஒரு லோகோ

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே யாரென்று தெரியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். கடைவீதி ஜவுளிக்கடையில் நகரும் படிக்கட்டு வைத்த நாளிலிருந்து அதில் கால் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் இருக்கும் சாதாரணப் படியில் மூச்சு வாங்க ஏறிப் போய், "நமக்கு என்ன அவசரம்" என்பாள்.

தொழில், டிசைன் போடுவது. மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலோரமாக ஒரு மேசை. கீழே கணவரின் ஸ்டிக்கர் கடை. அவள் மேலே வரைந்தால் அவர் கீழே மெஷினில் வெட்டி, கண்ணாடிக் கதவுகளிலும் வண்டிகளிலும் ஒட்டிக் கொடுப்பார். தண்ணீர் கேன், டியூஷன் சென்டர், ஏசி ரிப்பேர், பல் ஆஸ்பத்திரி என்று வேலைக்குக் குறைவில்லை. நிதானம் வரைந்த பற்கள் ஊரில் பல கிளினிக்குகளின் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் காலை மாடிப்படியில் காலடிச் சத்தத்துக்கு முன்னால் ஒரு வாக்குவாதம் ஏறி வந்தது. அதன் பின்னால் இரண்டு பெண்கள். மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து வேலையை விட்டவர், நடையிலேயே தெரிந்தது. இளையவள் அவருடைய கணவரின் தங்கை. மூத்தவரை அவள் அண்ணி என்றாள், அண்ணி அவளை வாலு என்றார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே பெரிய விஷயம். இவர்கள் துணிந்து சேர்ந்து ஒரு கம்பெனியே ஆரம்பித்திருந்தார்கள். 'மலையும் நதியும் சாகசப் பயணங்கள்' என்று பெயர். மலையேற்றம், பாறையிலிருந்து கயிற்றில் இறங்குவது, ரப்பர் படகில் ஆற்றோடு போவது, இதெல்லாம்தான் வியாபாரம். மலை அண்ணியின் பொறுப்பு, நதி வாலுவின் பொறுப்பு. பெயரில் எது முதலில் வரவேண்டும் என்பதில் அண்ணி ஜெயித்ததை வாலு இன்னும் மன்னிக்கவில்லை.

"லோகோவைப் பார்த்ததும் ஜனங்களுக்கு என்ன தோணணும்?" என்று நிதானம் கேட்டாள். எல்லோரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. பல் டாக்டர்கள் 'சுத்தம்' என்பார்கள், டியூஷன்காரர்கள் 'வெற்றி' என்பார்கள், வேலை ஓடிவிடும்.

"பத்திரமா வீடு திரும்புவோம்னு தோணணும்," என்றார் அண்ணி.

"வயித்தைக் கலக்கணும்," என்றாள் வாலு, அதே மூச்சில்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "வயித்தைக் கலக்கினா எவன் வருவான்?"

"கலக்கலைன்னா எதுக்கு வரணும் அண்ணி? பார்க்ல உட்கார்ந்து காத்து வாங்கலாமே."

"ஒருத்தன் கால் பிசகினா வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்றது யாரு? நீயா?"

"இதுவரைக்கும் யாருக்குக் கால் பிசகிச்சு?"

"பிசகலைன்னா அது யாரால?"

பேச்சு நிதானத்தின் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் அண்ணி கட்சிதான். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்தாலே ஆயிரம் பயம் தேடி வருகிறது. அதை விலை கொடுத்து வாங்க ஆள் வருகிறார்களா? கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் முதல் படம் தயாரானது. மூன்று மலை முகடுகள், பின்னால் ஒரு சூரியன், அடியில் நெளிந்து போகும் ஆறு. அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வாலு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மேடம், இந்த மலையை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். தண்ணி பாட்டில்ல."

அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மலையை விரலால் தடவினார். "இந்தப் பக்கம் ஏறினா சரிவு ரொம்ப செங்குத்தா இருக்கும்மா. நான் இப்படி யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

இரண்டாவது படத்தில் ஒரு மனிதன் பாறையில் தொங்கினான். வாலுவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஹெல்மெட் எங்க?" என்றார். நிதானம் ஹெல்மெட் போட்டாள். "கயிறு ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு வேணும்." இரண்டாவது கயிறு வந்தது. இடுப்புப் பட்டை வந்தது, கையுறை வந்தது, முழங்காலுக்கு மெத்தை வந்தது. "ஆத்துக்கும் போறோமில்ல? ஒரு லைஃப் ஜாக்கெட் போட்டுடும்மா." அதுவும் ஏறியது. கடைசியில் மனிதன் காணாமல் போய், இறுக்கிக் கட்டிய பார்சல் ஒன்று பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு," என்றாள் வாலு. "சாமான் கீழ விழாம டெலிவரி பண்ற கம்பெனின்னு நினைச்சுப்பாங்க."

கீழேயிருந்து ஸ்டிக்கர் வெட்டும் சத்தம் நின்றுபோனது. கணவர் சிரிக்கிறார் என்று நிதானத்துக்குத் தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு கழுகு வரைந்தாள். அதைப் பார்த்ததும் இருவரும் முதல் முறையாக ஒரே குரலில் பேசினார்கள். "செக்யூரிட்டி கம்பெனி மாதிரி இருக்கு."

நிதானத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லை வரைந்தோம், கேனை வரைந்தோம், அதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கிற பொருள். இவர்கள் விற்கிற பொருள் எது என்றே பிடிபடவில்லை. மறுநாள் போன் செய்து, "நீங்க வேற நல்ல ஆளாப் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லி அரை மணி நேரம் ஆவதற்குள் இருவரும் மாடியில் நின்றார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா யாருக்குமே தலை சுத்தும்," என்றார் அண்ணி. "அதுக்காக எங்களை விட்டுட்டுப் போயிடாதம்மா."

வாலு மேசையில் கிடந்த கழுகைத் திருப்பிப் போட்டாள். "மேடம், ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க இதுல எதுக்காவது போயிருக்கீங்களா? மலைக்கு, ஆத்துக்கு?"

நிதானம் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். கீழே போக மனசு இல்லாமல் கதவருகே நின்றிருந்த கணவர் அவளுக்காகச் சொன்னார். "நகரும் படிக்கட்டுக்கே இன்னும் போகலைங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்துடுங்க," என்றாள் வாலு.

"நானா? நான் மாட்டேன்."

"என்னம்மா நீ," என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்தி. "நான் கூட வரேன். எனக்கெல்லாம் பயம்னா என்னன்னே தெரியாது."

அப்படித்தான் நிதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரையில் நின்றாள். வேனை ஓட்டிவந்தவர் அண்ணியின் கணவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். மனைவி ஒன்று சொல்லித் தங்கை ஒன்று சொல்லும் குடும்பத்தில் வருஷக்கணக்காக வாழ்ந்ததில், எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் பொதுவாகத் தலையை ஆட்டப் பழகியிருந்தார். வண்டியை நிறுத்தியதும் அவர் வேலை முடிந்துவிடும். ஒரு மரத்தடியைப் பார்த்துச் சாய்ந்துகொள்வார்.

அண்ணி ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டையும் பிடித்து இழுத்து, பட்டைகளை இறுக்கினார். நிதானம் கேட்க ஆரம்பித்தாள். இந்தப் பட்டை அறுந்தால்? படகு கவிழ்ந்தால்? தண்ணீருக்குள் விழுந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது? செருப்பு போய்விட்டால்? வாலு வானத்தைப் பார்த்தாள். ஆனால் அண்ணியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இத்தனை நாளாக அவர் சொன்னதை எல்லோரும் காதில் வாங்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக ஒருத்தி வாய் திறந்து கேட்கிறாள்.

"யாராவது விழுந்தா கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது," என்று அவர் காட்டினார். "ஜாக்கெட்டோட ரெண்டு தோள்பட்டையையும் இப்படிப் பிடி. முழங்காலைப் படகுல ஊனிக்கோ. அப்படியே பின்னால சாய். உன் வெயிட்டே அவங்களைத் தூக்கிடும்." நிதானம் கணவரின் தோள்பட்டையைப் பிடித்து இரண்டு முறை செய்து பார்த்தாள்.

படகில் அவளும் கணவரும் முன்னால், அண்ணி நடுவில், வாலு பின்னால் துடுப்போடு. முதல் திருப்பம் வரை ஆறு சாதுவாக இருந்தது. கணவர் கரையிலிருந்த பறவைகளுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார், பாதி தப்பு. அப்புறம் எங்கிருந்தோ ஒரு இரைச்சல் கேட்டது. முன்னால் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே குறுகி, வெள்ளையாகப் பொங்கி, அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

"துடுப்பு போடுங்க," என்று வாலு பின்னாலிருந்து கத்தினாள். "நிறுத்தாதீங்க."

படகின் மூக்கு மேலே எழுந்தது. ஒரு நொடி அப்படியே நின்றது. நிதானத்தின் வயிறு எங்கோ மேலே தங்கிவிட, படகு மட்டும் கீழே போனது.

"ஐயோ" என்று அவள் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. பக்கத்தில் கணவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, துடுப்பைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் "ஐயோ ஐயோ ஐயோ" என்று போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் முகத்தில் அறைந்தது. படகு அடியில் இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தூக்கிப் போட்டது. இந்த முறை இறங்கும்போது அவள் வாயிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. கடைசியாக எந்த வயதில் அப்படிக் கத்தினாள் என்று ஞாபகமில்லை. யாரோ கையில் பலூனைக் கொடுத்தால் குழந்தை கத்துமே, அந்த "ஐ". நீளமாக, நிற்காமல், தண்ணீர் வாய்க்குள் போகும் வரை.

அமைதியான இடத்துக்கு வந்ததும் கணவர் கண்ணைத் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். தலையைத் துவட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" அதைச் சொல்வதற்காக எழுந்து நின்றார். ரப்பர் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று அண்ணி காலையிலேயே சொல்லியிருந்தார். ஒரு கால் வழுக்கியது. பயம் என்றால் என்னவென்று தெரியாதவர் அப்படியே மல்லாக்கத் தண்ணீருக்குள் போனார்.

வாலு துடுப்பை நீட்டுவதற்குள், அண்ணி திரும்புவதற்குள், நிதானம் படகின் ஓரத்தில் முழங்காலை ஊன்றியிருந்தாள். இரண்டு தோள்பட்டையையும் பிடித்தாள். பின்னால் சாய்ந்தாள். அவளைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ள மனிதர் பெரிய மீன் மாதிரி சர்ரென்று ஏறி வந்து அவள் மேலேயே விழுந்தார். இருவரும் படகின் அடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மேலே வானம் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. அவர் மூக்கிலிருந்து தண்ணீர் வடிய, "என்னம்மா சிரிக்கிற, நான் போயிருப்பேன்" என்று சொன்னது இன்னும் சிரிப்பை மூட்டியது. வாலு சிரித்தாள். அண்ணி முதலில் திட்ட வாயெடுத்து, பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

கரை சேர்ந்ததும் நிதானம் கேட்டது ஒன்றுதான். "மறுபடியும் போலாமா?"

மறுபடியும் போனார்கள், கணவர் இல்லாமல். அவர் மரத்தடியில் அண்ணனோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை முடிந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி அவள் ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, வேறு கம்பெனிக்காரர்கள் ஒரு குடும்பத்தை ஏற்றிய படகு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போனது. படகு தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. முதலில் ஒரு "ஐயோ". தண்ணீர் இரைச்சல். பிறகு பல குரலில் "ஐ".

நிதானம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் மட்டும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் கத்துகிறார்கள். பயத்துக்கும் அந்த எழுத்துதான் முதலில் வாயில் வருகிறது, சந்தோஷத்துக்கும் அதேதான். அண்ணி ஒன்றைச் சொன்னார், வாலு ஒன்றைச் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் ஒரே எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. விரலால் மணலில் ஐ என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதோடு சரி, அதன் உடம்பை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. ஒரு சுழி, அங்கிருந்து மேலேறி ஒரு வளைவு, சட்டென்று ஓர் இறக்கம், அடியில் ஒரு புரட்டல், நிமிர்ந்து முடிகிறது. இப்போதுதான் அவள் அந்த வழியாக வந்திருந்தாள்.

"என்ன எழுதறீங்க?" என்று வாலு குனிந்தாள்.

"உங்க லோகோ."

அண்ணி வந்து பார்த்தார். "நம்ம பேர்ல ஐ-யே இல்லையேம்மா."

"பேர்ல இல்ல. வாயில இருக்கு," என்றாள் நிதானம். "கொஞ்சம் இருங்க, இப்ப அடுத்த படகு போகும். கேளுங்க."

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். படகு போனது. திருப்பத்துக்கு அப்பால் அதே சத்தங்கள் அதே வரிசையில் கேட்டன. வாலு மெல்லச் சிரித்தாள். "இது வயித்தைக் கலக்கற ஐ."

"இல்ல," என்றார் அண்ணி. "பத்திரமா வந்துட்டோம்னு சொல்ற ஐ. கடைசியில வருது பாரு."

இரண்டு பேரும் ஒரே எழுத்தைக் காட்டித் தத்தம் கட்சியே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு திருப்தியாக வீடு திரும்பினார்கள்.

வரைவது அவ்வளவு லேசாக இல்லை. முதலில் எழுதியது பாடப்புத்தகத்து ஐ போல அடக்க ஒடுக்கமாக வந்தது. தடித்த தூரிகையை எடுத்து, மையில் நிறையத் தண்ணீர் விட்டு, கையை மேசையிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்துப் பார்த்தாள். இறக்கத்தில் கை தயங்கியது, கோடும் தயங்கியது. மேசை, தரை, கட்டில் எங்கும் ஐ காய்ந்துகொண்டிருந்தது. கணவர் நடக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டி நடந்தார். ஒரு பிற்பகல் அவள் எழுந்து நின்று, படகில் முழங்கால் ஊன்றிய மாதிரி ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, யோசிக்காமல் இழுத்தாள். வந்துவிட்டது. சுழி தெறித்து, இறக்கம் வேகமெடுத்து, வால் குதித்து எழுந்தது.

"வால் இவ்வளவு மெல்லிசா இருந்தா மெஷின்ல வெட்டும்போது கிழிஞ்சிடும்," என்றார் கணவர். அதுவும் சரிதான். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாலை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கினாள். எப்போதும் போல ஓரங்களை வழவழப்பாக்கப் போனவள், மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தெறித்தது தெறித்தபடியே இருந்தது.

அண்ணிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் அண்ணியாயிற்றே. "எல்லாம் சரிம்மா. மேல ஒரு சின்ன ஹெல்மெட் மட்டும் வெச்சுடலாமா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, படத்தில் எதைச் சேர்க்கச் சொன்னாலும் நிதானம் மாட்டேன் என்று சொன்னதில்லை. பல்லுக்கு மீசை வைக்கச் சொன்ன டாக்டருக்கும் வைத்துக் கொடுத்தவள். "வேண்டாம் அண்ணி," என்றாள் இப்போது. "அது தலைக்கு. எழுத்துக்கு இல்ல." எப்போதிலிருந்து அவளும் அவரை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. அண்ணி, "சரி, ஆத்துக்குப் போகும்போது எனக்கு ஒரு உதவி பண்ணு, நீயே வந்து எல்லாருக்கும் அந்தப் பட்டை விஷயத்தைச் சொல்லு. நான் சொன்னா கேட்க மாட்டேங்கறாங்க" என்றார். நிதானம் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆற்றில்தான்.

வேனில் ஒட்டிய நாள் தெருவே கூடிவிட்டது. ஆரஞ்சு நிற எழுத்து, வண்டியின் பாதிப் பக்கம். நிதானமும் வாலுவும் ஆளுக்கொரு மூலையைப் பிடிக்க, கணவர் பலகையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றினார். அண்ணி, "கோணல், கோணல்" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அண்ணன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வந்த விஷயத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"நல்லா இருக்கு," என்றார். இரண்டு பக்கமும் தலையை ஆட்டாமல், மேலும் கீழுமாக, தெளிவாக ஆட்டினார். வாலுவும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. புதுப் படகுகளை என்ன நிறத்தில் வாங்குவது என்று உள்ளே ஆரம்பித்துவிட்ட சண்டை ஜன்னல் வழியாகக் கேட்டது. முழங்கையில் ஸ்டிக்கர் துண்டுகள் ஒட்டியிருக்க, நிதானம் தெருவில் நின்று கையாட்டினாள். ஸ்கூட்டரில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கி, போகிற வேனைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார்.

"அது என்னங்க, ஐ-ன்னு போட்டிருக்கு? என்ன கம்பெனி?"

நிதானம் சொல்ல ஆரம்பித்தாள். படகின் மூக்கு எழுவதைக் கையால் காட்டினாள், அது விழுவதையும் காட்டினாள். அவர் ஸ்கூட்டரை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டார்.

"அப்புறம்?" என்றார்.